அடிகனம்

பாத்திரக் கடைக்குள் போய், "ஒரு கைப்பிடி மாவு கிடைக்குமா?" என்று கேட்ட முதல் ஆள் குட்டியாகத்தான் இருப்பாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மளிகைக் கடை எதிர்வரிசையில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார்.

"மளிகைக் கடை எங்க இருக்குன்னு தெரியும். மாவு எனக்கு இல்ல, இந்தப் பாத்திரத்துக்கு," என்றாள் குட்டி. "கூடவே ஒரு அடுப்பும் வேணும். நீங்க டீ போடற அடுப்பு இருந்தாலும் போதும்."

குட்டி என்றதும் ஏதோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, மூக்குக்கண்ணாடியும் போட்டாகிவிட்டது. தொட்டிலில் கிடந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்து வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் நடத்துகிறான். மேலே ஏழெட்டு மாடி; அத்தனை மாடிக்கும் மத்தியானச் சாப்பாடு அவன் கையால்தான். அண்ணி பரிமாறுவாள். குட்டி கல்லாவில் உட்காருவாள், சந்தைக்குப் போய் வருவாள். ஆனால் எந்த முடிவும் அவள் எடுத்ததில்லை. இந்த எண்ணெய் வாங்கலாமா, அந்த அரிசி வாங்கலாமா என்று அண்ணனிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்குவாள். அவன் சொன்னால் சரி. இப்படியே வருஷக்கணக்காக ஓடிவிட்டது.

போன வாரம்தான் அந்தச் சங்கதி நடந்தது. கொதிக்கிற தண்ணீரோடு அண்ணன் பெரிய அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கியபோது ஒரு பக்கத்துக் காது பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அவன் பின்னால் குதித்தானோ பிழைத்தானோ. தண்ணீர் தரையெல்லாம் ஓடி, அவன் செருப்பை மட்டும் நனைத்தது. அண்ணி போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் லிஃப்டில் இறங்கி வந்துவிட்டார்கள். குட்டி மட்டும் அண்ணன் கையிலிருந்த அந்தக் காதை வாங்கிக்கொண்டாள். பிய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "பாத்திரம் இனிமே நான் பார்த்து வாங்கறேன்," என்றாள். அண்ணனும் இருந்த நடுக்கத்தில், "சரி, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள், லேசில் விடுவாளா? தச்சு வேலை பார்க்கும் புருஷனின் இரும்பு அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, அடியில் அளவுகோலைக் குறுக்கே வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மட்டமில்லாத அடி அடுப்பில் உட்காராது, ஆடும். ஆடுகிற பாத்திரத்தில் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் வேகாது. அடுத்து, காதுகள் எப்படிப் பொருத்தியிருக்கின்றன என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சும்மா பற்றவைத்து ஒட்டியதையெல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்தாள். உள்ளேயிருந்து ஆணி அடித்து இறுக்கியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். "இதுல தண்ணி நிரப்பிக் கொடுங்க," என்று வாங்கி, ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கினாள். நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, பாத்திரத்தின் காது மட்டும் அசையவில்லை. கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

கடைசியில் மாவும் வந்தது, அடுப்பும் வந்தது. வெறும் பாத்திரத்தில் மாவை மெல்லிசாகத் தூவி, சின்னத் தீயில் வைத்தாள். விலை குறைந்த பாத்திரத்தில் நடுவில் மட்டும் வட்டமாகக் கருகி, ஓரத்து மாவு வெள்ளையாகவே கிடந்தது. அந்தக் கனமான பாத்திரத்தில், மூன்று அடுக்கு அடி என்று கடைக்காரர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அதில், மாவு முழுக்க ஒரே நேரத்தில் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. கடைக்கு வந்த மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுங்க," என்றாள்.

விலையைக் கேட்டதும் குட்டி பையிலிருந்த பணத்தை இரண்டு தடவை எண்ணினாள். ஆனால் பிய்ந்த காது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"மேடம், பத்து வருஷத்துல இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல," என்றார் கடைக்காரர். "கொண்டுபோய்ச் சமைச்சுப் பாருங்க. சனிக்கிழமைக்குள்ள பிடிக்கலேன்னா சொல்லுங்க, வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். ஆனா சொல்ல மாட்டீங்க."

பாத்திரங்கள் வந்து இறங்கியதும் அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். தூக்கின வேகத்தில் கீழே வைத்தான். "வெறும் பாத்திரத்துக்கே ரெண்டு ஆள் வேணும் போலிருக்கே. உள்ள சோத்தையும் போட்டா கிரேன்தான் வரணும்," என்றான். அண்ணி ஒரு மூடியை எடுத்து முகம் பார்த்து, "பரவாயில்ல, கண்ணாடி வாங்கற செலவு மிச்சம்," என்றாள். குட்டி சிரித்துக்கொண்டாள். இருக்கட்டும், சமைத்த பிறகு பேசட்டும் என்று இருந்தாள்.

சமைத்த பிறகு பேசினார்கள். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. புதுப் பாத்திரம், பழகணும் என்றார்கள். இரண்டாம் நாள் சோறு அடிப்பிடித்தது. மேலே பார்த்தால் மல்லிகைப் பூ மாதிரி இருக்கிறது, கரண்டியை உள்ளே விட்டால் கறுப்பு. மூன்றாம் நாள் காய்கறியும் பருப்பும் சேர்ந்து தீய்ந்து, அந்த வாசனை லிஃப்ட் வழியாக ஏழாவது மாடி வரை ஏறிவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் உயரமான அம்மாள் தட்டைக் கல்லா மேஜையிலேயே வைத்துவிட்டு, "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. உண்மையாகவே அக்கறையாகக் கேட்டாள். அண்ணன் காதில் அது விழுந்தது. அவன் முகத்தைப் பார்க்கக் குட்டிக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு அண்ணி சுரண்டிக்கொண்டிருந்தாள். கரக் கரக் என்று சுரண்டும் சத்தம் ஒவ்வொன்றும் குட்டியின் முதுகில் இழுத்த மாதிரி இருந்தது.

"என் முப்பது வருஷப் பேரு மூணு நாள்ல போச்சு," என்றான் அண்ணன். அவன் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அந்த ஓட்டை அலுமினியத்துல ஒரு நாளாவது அடிப்பிடிச்சிருக்கா? நீயே சொல்லு."

"பிடிச்சதில்ல அண்ணா."

"அப்புறம் என்ன? சனிக்கிழமை வண்டியை வரச் சொல்லு. திருப்பிக் குடுத்துடு. நான் போய் வழக்கமா வாங்கற மாதிரியே வாங்கிட்டு வந்துடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம். நீ கல்லாவைப் பாரு, போதும்," என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையைப் பாசமாகத்தான் சொன்னான். அதுதான் குட்டிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். இவன் தலையைத் தடவிக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறானே! பாத்திரம் போனால் போகிறது. இனிமேல் இந்தக் கேன்டீனில் அவள் ஒரு வார்த்தை சொன்னால், "உன் பாத்திரம் மாதிரியா?" என்று ஒரு சிரிப்பு வரும். அண்ணி சொல்லாவிட்டாலும் சிரிப்பாள். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க அளந்து கொடுத்ததை வாங்கி, சில்லறை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். குட்டிக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி பார்த்துவிடுவாள் என்று, சுரண்டி வைத்த பாத்திரங்களில் சின்னது ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் புருஷன் ஒரு நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மட்டம் அப்படியே இருந்தது. மாவைத் தூவி அடுப்பில் வைத்தாள். பிஸ்கட் நிறம், ஓரம் வரைக்கும். மறுபடியும் செய்தாள். மறுபடியும் அதே.

"என்னங்க, இதுல ஒரு குத்தமும் இல்ல," என்றாள்.

"குத்தம் இல்லாத மரத்துலயும் ஆணி கோணலா இறங்கும்," என்றான் அவன், தேய்ப்பதை நிறுத்தாமல். "அடிக்கிற கையையும் பார்க்கணும்."

குட்டி விருட்டென்று திரும்பினாள். "எங்க அண்ணன் கையைச் சொல்றீங்களா?"

"நான் ஆணியைச் சொன்னேன்மா," என்று அவன் சட்டென்று பின்வாங்கிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

ஆனால் சொன்னது சொன்னதுதான். பாத்திரத்தை மறுபடி கவிழ்த்தபோது வெளிப்பக்கம் நீலமும் மஞ்சளுமாகக் கறை படிந்திருந்தது கண்ணில் பட்டது, எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரியுமே, அந்த மாதிரி. கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அளவுக்கு மீறிச் சூடு ஏற்றினால்தான் இந்த நிறம் வரும். சின்னத் தீயே போதும் என்று அவளும் அண்ணனிடம் சொல்லித்தான் இருந்தாள். அவனும் தலையாட்டினான். பிறகு யார் தீயைக் கூட்டுவது? அண்ணனா? காய்ச்சலோடு சமைத்தால்கூட உப்பு ஒரு கல் கூடாத மனுஷன். அவனைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது? சந்தேகப்படவே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லாவைத் திறக்காமல் நேரே சமையல்கட்டுக்குள் போய், வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். "என்ன, காவலுக்கு ஆள் போட்டிருக்கீங்களா?" என்று அண்ணி அண்ணனிடம் கேட்டாள். "கடைசி நாள், பாத்திரத்துக்கு வழியனுப்பு வச்சிருக்கா," என்றான் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். குட்டி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

அண்ணன் சமைப்பதை அவள் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பார்த்தது ருசியை எதிர்பார்த்து. கையைக் கவனித்ததே இல்லை. அன்றுதான் கவனித்தாள். அடுப்புகள் ஒரு சுவரோரம். நறுக்குகிற மேஜை எதிர்ச் சுவரோரம்; நடுவில் கை எட்டுகிற தூரம்தான். எல்லாவற்றையும் ஏற்றிவைத்துவிட்டு அவன் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான். திரும்பியே பார்ப்பதில்லை. டீக்குப் பால் வைத்திருந்த பழைய பாத்திரத்தில் சர்ர்ரென்று ஒரு சத்தம் எழும்பியதும், கத்தியைக் கீழே வைக்காமலே இடது கையைப் பின்னால் நீட்டி அடுப்பை அணைத்தான். பால் பொங்கி விளிம்பைத் தொட்டு, மரியாதையாக இறங்கிவிட்டது. இன்னொரு அடுப்பில், அவன் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்த பழைய அலுமினியத்தில் தண்ணீர் கொதித்தது. நெளிந்த மூடி டக்கு டக்கு டக்கு என்று ஆடியது. மறுபடி அதே கை பின்னால் போய், அந்தத் தீயைக் குறைத்துவிட்டு வந்தது. வெங்காயம் ஒரு துண்டுகூட கோணலாக விழவில்லை.

நடுவில் பருப்போடு புதுப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. சத்தமே இல்லை.

அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். உதட்டைப் பிதுக்கினான். கையைப் பின்னால் நீட்டித் தீயைக் கொஞ்சம் கூட்டினான். பத்து வெங்காயம் நறுக்கியிருப்பான். மறுபடி தலையைச் சாய்த்தான். "இன்னுமா?" என்று முனகிக்கொண்டு இன்னும் கூட்டினான்.

குட்டி சட்டென்று எழுந்து அடுப்பருகே போனாள். கனமான மூடி, இழைத்து வைத்த மாதிரி விளிம்போடு விளிம்பு உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி நீர் முத்துமுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் நூல் போல ஆவி கிளம்பி, கிளம்பிய வேகத்திலேயே சுவரில் புகையை வெளியே இழுக்கும் காற்றாடிக்குள் போய் மறைந்தது. முந்தானையைச் சுருட்டி மூடியின் குமிழைத் தொட்டாள். உள்ளே கடகடவென்று அதிர்ந்தது, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் கம்பியைத் தொட்ட மாதிரி. கொதிக்கிறது! எப்போதிருந்தோ கொதிக்கிறது! பழைய பாத்திரத்தில் விளிம்பு வரை நிரப்புவான். பொங்கி வழிந்து, மூடி ஆடி, ஊரைக் கூட்டும். இவள் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டாள். பாதிதான் நிரம்பியிருக்கிறது, பொங்கினாலும் உள்ளேயே அடங்குகிறது. இந்த மூடி ஆட வேண்டுமென்றால் அடியில் எரிமலையே வைக்க வேண்டும். அது வாயைத் திறக்கிற நேரத்தில் அடி கரிந்திருக்கும். கொதி வந்த பிறகுதான் கரண்டியை எடுப்பான் அண்ணன். கொதி வந்ததே தெரியாதவன் எப்படிக் கிளறுவான்?

கடையில் மட்டம் பார்த்தாள், காதைப் பார்த்தாள், மாவு வறுத்துப் பார்த்தாள். முப்பது வருஷமாக அண்ணன் காதால் சமைக்கிறான் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாளே! அவனுக்கேகூட அது தெரியாது போலிருக்கிறது. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தீயைக் குறைத்தாள்.

"யாரு அடுப்புல கை வச்சது?" என்றான் அண்ணன், திரும்பாமலே. தீ இறங்குகிற சத்தம்கூடக் கேட்டுவிட்டது அந்தக் காதுக்கு.

"நான்தான்."

"இன்னும் கொதியே வரல. கொஞ்ச நேரத்துல மேல இருந்து எல்லாரும் இறங்கிடுவாங்க. கூட்டி வை."

"கொதி வந்து ரொம்ப நேரம் ஆச்சு அண்ணா."

"எங்க வந்துச்சு? எனக்குக் கேக்கவே இல்லையே."

"அதான் அண்ணா விஷயம். உனக்குக் கேக்கல. மூடியைத் திறந்து பாரு."

கத்தி நின்றது. கொதி வருவதற்கு முன்னால் மூடியைத் திறப்பது அண்ணனுக்கு ஆகவே ஆகாது. அப்படித் திறக்கிற சமையல்காரர்களைப் பற்றி அவன் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் குட்டி அடுப்புக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு நகராமல் பார்த்தாள். அவள் இப்படி நின்று அவன் பார்த்ததில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வந்து மூடியைத் தூக்கினான்.

குபீரென்று ஆவி அவன் முகத்தில் அடித்தது. உள்ளே பருப்பு புரண்டு புரண்டு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் குமிழியிடும் கொதி இல்லை அது. ஓரம் வரைக்கும், ஒரு இடம் பாக்கியில்லாமல், ஒரே சீராகக் கொதித்தது. அண்ணன் மூடியைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான். மூடியைத் திரும்ப வைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி திறந்தான்.

"அட திருட்டுப் பயலே," என்றான் பாத்திரத்தைப் பார்த்து.

அண்ணி தட்டுகளோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னாச்சு?"

"ஊமை மாதிரி உக்காந்துக்கிட்டு உள்ளுக்குள்ள இந்தக் கொதி கொதிக்குது. நான் பாட்டுக்குத் தீயைக் கூட்டிக்கிட்டே இருந்திருக்கேன்." அவன் கரண்டியை விட்டு அடியைத் துழாவினான். அடியில் இன்னும் பிடிக்கவில்லை. ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தான். "முக்கால்தான் வெந்திருக்கு."

"போதும். மூடிட்டு இப்ப அடுப்பை அணைச்சுடு," என்றாள் குட்டி.

"என்னது?"

"அணைச்சுடு அண்ணா. இவ்வளவு கனமான அடி எதுக்கு? தீயை நிறுத்தினாலும் சூட்டை விடாது. மீதிக் காலை அதுவே பார்த்துக்கும்."

"நல்லாருக்கே கதை!" என்றாள் அண்ணி. "அடுப்பை அணைச்சுட்டுச் சமைக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன். வேகாத பருப்பை இன்னைக்கும் போட்டா, நாளையில இருந்து நாம மூணு பேரும்தான் உக்காந்து சாப்பிடணும்."

அண்ணி சொன்னதில் பொய் இல்லை. கேன்டீன் பேர் கெட்டது கெட்டதுதான். இன்று ஒரு நாள் இன்னும் கெட்டால் அதற்குப் பிறகு துடைத்து எடுக்க முடியாது. குட்டிக்கும் அது தெரியும். இருந்தும் சொன்னாள்: "வேகலேன்னா நாளைக்கு வண்டி வர்ற வரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம். நானே தூக்கிட்டுப் போய்க் கடையில போட்டுட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் இந்தக் கேன்டீனுக்கு ஒரு கரண்டிகூட நான் வாங்க மாட்டேன். ஆனா வெந்துடும் அண்ணா. எனக்குத் தெரியும்."

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தான். தொட்டிலில் எட்டிப் பார்த்த அன்றைக்கு அப்புறம் அவன் இவ்வளவு நேரம் அவளைப் பார்த்ததே இல்லையோ என்னவோ. பிறகு மூடியைப் பொருத்தினான். குனிந்து, தன் கையாலேயே அடுப்பை அணைத்தான்.

அந்த நேரம் ஓடிய ஓட்டத்தை ஏன் கேட்கிறீர்கள்! ஓடவே இல்லை. அணைந்த அடுப்பின் முன்னால் மூன்று பேரும் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி ஒரே தட்டை மூன்று முறை துடைத்தாள். மேலே லிஃப்ட் மணி அடித்தது. பேச்சுச் சத்தம் கேட்டது. அண்ணன் மூடி மேல் கை வைத்தான், எடுத்தான், வைத்தான். "இன்னும் கொஞ்சம்," என்றாள் குட்டி. அவன் கையை எடுத்துக்கொண்டான். தன் வாழ்நாளில் அண்ணன் அவள் பேச்சுக்குக் கையை எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கவலையிலும் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் ஓடியது.

"சரி, திற."

திறந்தான். கரண்டியால் ஒரு பருப்பை அள்ளி ஊதி, இரண்டு விரலால் தொட்டான். தொட்டதுதான், வெண்ணெயாக நசுங்கிவிட்டது. கரண்டியை அடிவரை இறக்கி ஒரு வட்டம் சுற்றினான். கண்ணாடி மேல் சுற்றுகிற மாதிரி எங்கேயும் தட்டாமல் முட்டாமல் சுற்றி வந்தது. இன்னொரு வட்டம் சுற்றினான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"ஏய், அடி சுத்தமா இருக்குடி!" என்று அண்ணியைப் பார்த்துக் கத்தினான். "ஒரு பொட்டு பிடிக்கல!"

அண்ணி கரண்டியைப் பிடுங்கித் தானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு குட்டியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இன்னைக்குப் பாத்திரம் தேய்க்கறது உன் பங்கும் இல்ல, என் பங்கும் இல்ல. உங்க அண்ணன் பங்கு," என்று பரிமாறப் போனாள்.

அன்று மத்தியானம் இரண்டாம் முறை கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. மூன்று நாளாகக் கிடைக்காததை எல்லாம் ஒரே நாளில் சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்று வந்த மாதிரி இருந்தது கூட்டம். கணக்குப் பிரிவு அம்மாள் தட்டை வழித்துத் துடைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "மாஸ்டருக்கு உடம்பு தேவலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, பாத்திரம்தான் எனக்குப் பிடிபடாம இருந்துச்சு," என்றான் அண்ணன். கூட்டத்துக்கு நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "நல்ல பாத்திரம். அடி பாருங்க, எவ்வளவு கனம். என் தங்கச்சி பார்த்து வாங்கினது. இனிமே இங்க எது வாங்கினாலும் அவதான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த குட்டிக்குச் சில்லறை கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முன்னால் நின்றவர், "அக்கா, மீதி?" என்றார். அவள் கையில் கிடைத்ததை அள்ளிக் கொடுத்தாள். கூடுதலாகக் கொடுத்துவிட்டாள் என்று அவரே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மேலே பாதி ஆட்கள்தான் வருவார்கள். குட்டி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். சமையல்கட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணன் கட்டைப்பிடி போட்ட நீளக் கரண்டி ஒன்றை எடுத்து, அதன் குழிவான பக்கத்தைப் புதுப் பாத்திரத்தின் வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்தான். கட்டைப்பிடியின் முனையைக் காதோடு காதாக வைத்து, குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். டாக்டர் நெஞ்சைச் சோதிப்பதுகூட அவ்வளவு கவனமாக இருக்காது. பக்கத்தில் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலையில இருந்து இதே கூத்துதான்," என்றாள் குட்டியிடம். "எனக்குக் குடுங்கன்னா குடுக்க மாட்டேங்கறார்."

"ஷ்ஷ்," என்றான் அண்ணன். கண்ணைத் திறக்காமலே ஒரு கையை ஆட்டிக் குட்டியைக் கூப்பிட்டான். "இங்க வா. முதல்ல தண்ணி சலசலன்னுது. இப்பத்தான் குரல் மாறுது. கேளு."

குட்டி காதை வைத்தாள். கட்டைக்குள்ளிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, தடதடவென்று வந்தது. நூறு குதிரை மண்ணில் ஓடி வருகிற மாதிரி இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் கேக்கணும், நகரு," என்று அண்ணி இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. கடைக்காரர். "மேடம், இன்னைக்குச் சனிக்கிழமை. இத்தனை நாளா போனையே காணோமேன்னு பார்த்தேன். வண்டி அனுப்பணுமா, எப்படி?"

குட்டி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கைப்பேசியைப் பிடுங்கினான். கைப்பேசியைக் கரண்டிப் பிடியின் முனையில் ஒட்டி வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"ஹலோ?" என்றது கைப்பேசி. "ஹலோ, மேடம்? என்ன அங்க ஒரே இரைச்சல்? மழையா?"

அண்ணன் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கைப்பேசி. அடுப்பைக் குறைக்க அவனுக்குக் கை இல்லை. தலையை ஆட்டிக் குட்டியிடம் அடுப்பைக் காட்டினான். குட்டி குனிந்து தீயை இறக்கினாள். நீலச் சுவாலை சுருங்கிப் பாத்திரத்தின் அடிக்குள் போய் ஒட்டிக்கொண்டது. "ஹலோ? ஹலோ?" என்று கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, மூன்று தலையும் கரண்டியின் முனையை நோக்கி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குனிந்தன.